சாப்பிட்டு ஜெயித்த சைக்கிள் வீராங்கனை



சென்ற வாரப் பதிவின் கீழே ஒரு பழைய மாணவன் கேட்டிருந்தான்: "டீச்சர், ராஜா கதை, ஊர்க் கதை எல்லாம் எழுதுறீங்க. விளையாட்டு வரலாறு எழுத மாட்டீங்களா?" நல்ல கேள்வி. பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு வாங்கிக்கொண்ட பாவத்துக்குப் பரிகாரமாக இன்று ஒரு சைக்கிள் வீராங்கனையின் கதை. பதிவு நீளம்தான். காப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அவர் பெயர் லியோன்டீன் வான் மோர்செல். நெதர்லாந்துக்காரர். ஒலிம்பிக்கில் 4 தங்கம், 1 வெள்ளி, 1 வெண்கலம். ஆனால் நான் எழுதுவது அந்தப் பதக்கங்களுக்காக மட்டும் இல்லை. என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணுக்காகவும் எழுதுகிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பாடம்.

சைக்கிள் பந்தயத்தில் சாலைப் பந்தயம் உண்டு, ஓடுதளப் பந்தயம் உண்டு. ஓடுதளம் என்பது பெரும்பாலும் 250 மீட்டர் நீளமுள்ள மரத்தாலான வட்டம். வளைவுகளில் தரை சுவர் போலச் சாய்ந்து நிற்கும். அதில் ஓட்டும் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. கியரும் ஒன்றே ஒன்றுதான். நாம் இறக்கத்தில் காலை ஓய்வாக வைத்துக்கொண்டு போவோமே, அதெல்லாம் அங்கே நடக்காது. சக்கரம் சுற்றும் வரை காலும் சுற்றியே ஆக வேண்டும்.

இந்த ஓடுதளத்தில் 'பர்சூட்' என்று ஒரு பந்தயம். பர்சூட் என்றால் துரத்துதல். இரண்டு பேர் வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பார்கள். ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒருவரை ஒருவர் துரத்த வேண்டும். இறுதிப் போட்டியில் எதிராளியை எட்டிப் பிடித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பிடிக்காவிட்டால், யார் முதலில் தூரத்தை முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. லியோன்டீன் ஓட்டிய காலத்தில் பெண்களுக்கு 3 கிலோமீட்டர், அதாவது 12 சுற்று. மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்றரை நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள். மூச்சு முட்ட, தொடை எரிய, ஒரு நொடியும் குறைக்காமல் மிதிக்க வேண்டும்.

பெண்களுக்கு இந்தக் கதவுகள் திறந்ததே தாமதமாகத்தான். ஒலிம்பிக்கில் பெண்கள் சாலைப் பந்தயம் 1984 லாஸ் ஏஞ்சலஸில்தான் வந்தது. ஓடுதளத்தில் 1988 சியோலில் முதல் இடம் கிடைத்தது. பர்சூட் பந்தயம் 1992 பார்சிலோனாவில் சேர்ந்தது. மக்கள்தொகையைவிடச் சைக்கிள் எண்ணிக்கை அதிகமான நாடு நெதர்லாந்து. பாட்டிகளும் சைக்கிளில்தான் காய்கறி வாங்கப் போவார்கள். 1970களில் அந்த நாட்டில் கீட்டி வான் ஊஸ்டன்-ஹாகே என்ற அம்மையார் பர்சூட்டில் நான்கு முறை உலகப் பட்டம் வென்றார். ஆனால் அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் சைக்கிளே இல்லை. திறமை இருந்தும் மேடை இல்லாத தலைமுறை அது. லியோன்டீனுக்கு மேடை இருந்தது.

1970 மார்ச் 22 அன்று வடக்கு பிராபன்ட் மாநிலத்தில் பூக்கெல் என்ற சிற்றூரில் பிறந்தார். 1990இல், இருபதே வயதில், ஜப்பானின் மயெபாஷி நகரில் பர்சூட் உலகப் பட்டம். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் சாலைப் பந்தய உலகப் பட்டம். மரத்தளத்திலும் தார்ச் சாலையிலும் உலகத்திலேயே முதல் ஆள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது.

அந்தக் காலத்தில் பெண்கள் சைக்கிள் உலகின் மகாராணி பிரான்ஸ் நாட்டின் ஜீனி லோங்கோ. லியோன்டீனைவிடப் பதினொரு வயதுக்கு மேல் மூத்தவர். அதற்குள் நான்கு முறை சாலைப் பந்தய உலகப் பட்டம் வாங்கிவிட்டார். மலை ஏற்றத்தில் அவரை வெல்வது கடினம். நெதர்லாந்தோ தட்டையான நாடு. பெரும்பகுதி தோசைக்கல் போல இருக்கும். அங்கே வளர்ந்த பெண் ஆல்ப்ஸ் மலையில் லோங்கோவுடன் எப்படிப் போட்டியிடுவது?

ஐந்தாம் வகுப்பு அறிவியலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சமதளத்தில் வேகமாகச் சைக்கிள் ஓட்டும்போது பெரிய எதிரி காற்று. காற்றைக் கிழிக்க வலிமை வேண்டும். உடம்பு இரண்டு கிலோ கூடுதலாக இருந்தாலும் பெரிய நட்டமில்லை. மலை ஏறும்போது எதிரி புவியீர்ப்பு. ஒவ்வொரு கிலோவையும் நாமேதான் மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆகவே மலையில் ஜெயிக்க வேண்டுமானால் எடையைக் குறை. கணக்கு என்னவோ சரிதான். ஆனால் அந்தக் கணக்கு எங்கே நிற்க வேண்டும் என்று அதற்கே தெரியாது.

லியோன்டீன் எடையைக் குறைத்தார். பலன் கிடைத்தது. பிரான்சில் மலைகளைக் கடந்து பல நாட்கள் நடக்கும் பெண்கள் சுற்றுப் பந்தயத்தை 1992இலும் 1993இலும் வென்றார். 1993இல் நார்வேயின் ஆஸ்லோவில் மீண்டும் சாலைப் பந்தய உலகப் பட்டம். ஊரே கைதட்டியது.

கைதட்டியவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்தப் பெண் அப்போது நோயாளி. அனோரெக்சியா என்ற நோய். தமிழில் பசியின்மை என்று எழுதுகிறார்கள், அது சரியான சொல் இல்லை என்பது என் எண்ணம். பசி இருக்கும். சாப்பிடத்தான் மனம் பயப்படும். கண்ணாடியில் எலும்பு தெரிந்தாலும் இன்னும் குறைக்க வேண்டும் என்றே தோன்றும். அது அடமும் இல்லை, அழகு மோகமும் இல்லை, உயிரைக்கூட எடுக்கும் நோய். இதைப் பற்றிப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசினார். அவருடைய எடை எத்தனை கிலோவுக்கு இறங்கியது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அப்படி ஓர் எண்ணைப் படித்துவிட்டு அதைத் தன் இலக்காக வைத்துக்கொள்ளும் பிள்ளை எந்த வீட்டிலும் இருக்கலாம்.

பிள்ளைகளே, 1993ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நோயும் முற்றுகிறது, பரிசும் வருகிறது. இப்படி இருந்தால் 'நீ செய்வது தவறு' என்று யார் சொல்வார்கள்? சொன்னாலும் அந்தப் பெண் எப்படி நம்புவார்? உலகப் பட்டத்தின் வண்ண பனியனே சாட்சியாக நிற்கிறதே! தோல்வி வந்திருந்தால் முன்பே விழித்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1994இல் உடம்பு கணக்கை முடித்துக்கொண்டது. சாப்பாடு இல்லாத உடம்பு, சேமித்து வைத்த கொழுப்பைத் தின்னும், பிறகு தசையைத் தின்னும். மிதிக்கிற காலையே தின்றுவிட்டால் எதை வைத்து மிதிப்பது? பந்தயங்களை விட்டு ஒதுங்கினார். இருபத்து நான்கு வயது. முடிந்துபோன வீராங்கனை என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

அந்த இருட்டான காலத்தில் துணையாக நின்றவர் மைக்கேல் ஸைலார்ட். அவரும் சைக்கிள் உலகத்துக்காரர்தான். அவருடைய அப்பா யோப் ஸைலார்ட் ஓடுதளத்தில் 'டெர்னி' ஓட்டுவதில் பெயர் பெற்றவர். டெர்னி என்பது மிதியும் மோட்டாரும் சேர்ந்த ஒரு வண்டி. வீரருக்கு முன்னால் அதை ஓட்டிக்கொண்டு போவார்கள். வீரர் அதன் பின்னால் காற்று படாமல் ஒட்டிக்கொண்டு வருவார். அந்த யோப் ரோட்டர்டாம் நகரில் உணவகமும் நடத்தியவர். சாப்பிடப் பயந்த பெண்ணுக்கு, சாப்பாடு போடுவதைத் தொழிலாகக் கொண்ட மாமனார் வாய்த்திருக்கிறார், பாருங்கள். 1995இல் திருமணம். அதன் பிறகு பல ஆண்டுகள் பந்தயப் பட்டியல்களில் அவர் பெயர் லியோன்டீன் ஸைலார்ட்-வான் மோர்செல் என்றே வரும்.

1996 அட்லாண்டா ஒலிம்பிக் அவர் இல்லாமலே நடந்தது. சாலைப் பந்தயத் தங்கத்தை லோங்கோ வாங்கினார். பர்சூட் தங்கம் இத்தாலியின் அன்டோனெல்லா பெல்லூட்டிக்குப் போனது. லியோன்டீன் அப்போது எல்லாவற்றையும் விடப் பெரிய பந்தயத்தில் இருந்தார். வேளா வேளைக்குச் சாப்பிடுவது என்ற பந்தயம். அதற்குப் பதக்கம் கிடையாது.

மெதுவாகத் திரும்பினார். 1998இல் உலகச் சாலைப் பந்தயம் நெதர்லாந்திலேயே, வால்கன்பர்க் என்ற ஊரில் நடந்தது. அங்கே 'டைம் டிரையல்' பந்தயத்தில் தங்கம். ஒவ்வொருவராகத் தனியே புறப்பட்டு, யாருடைய நேரம் குறைவு என்று பார்ப்பது இந்தப் பந்தயம். கூட்டமாக ஓடும் சாலைப் பந்தயத்தில் வெள்ளி. 1999இல் டைம் டிரையலில் மறுபடி தங்கம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திரும்பி வந்த லியோன்டீன் பெரிய மலைகளைத் தேடிப் போகவில்லை. டைம் டிரையல், பர்சூட் என்று காற்றோடு மோதும் பந்தயங்களில் தன் பலத்தைக் கண்டுகொண்டார். அங்கே மெலிவுக்கு மதிப்பெண் இல்லை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, தசை வளர்த்த உடம்புக்குத்தான் மதிப்பெண். பலவீனமான காலத்தில் போட்ட பழைய கணக்கை அவர் அழித்துவிட்டு வேறு கணக்குப் போட்டார் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அடுத்து 2000, சிட்னி ஒலிம்பிக். வயது முப்பது.

பர்சூட் அரையிறுதியில் 3 நிமிடம் 30.816 விநாடி. புதிய உலக சாதனை. அதுவரை சாதனை பிரான்ஸ் நாட்டின் மரியோன் கிளினே வசம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் இறுதிப் போட்டியில் எதிரே நின்றவரும் அதே கிளினேதான். அவர் கதையும் தனியே எழுத வேண்டிய கதை. இருபத்து இரண்டு வயதில் அவருக்கு வலிப்பு நோய் என்று தெரிந்தது. கார் ஓட்டும் உரிமத்தை எடுத்துக்கொண்டார்கள். வேலைக்குப் போக வேறு வழியில்லாமல் சைக்கிளில் ஏறியவர், இரண்டு ஒலிம்பிக் இறுதிப் போட்டிகள் வரை வந்துவிட்டார். அன்று சிட்னி ஓடுதளத்தின் இரு பக்கங்களிலும் நின்ற இரண்டு பெண்களுமே நோயைத் தாண்டி வந்தவர்கள். லியோன்டீனுக்குத் தங்கம், கிளினேவுக்கு வெள்ளி.

பிறகு ஓடுதளத்தில் புள்ளிப் பந்தயம். குறிப்பிட்ட சுற்றுகளுக்கு ஒருமுறை முந்துபவர்களுக்குப் புள்ளி. அதில் வெள்ளி. பிறகு சாலைக்கு வந்தார். மழையில் நடந்த சாலைப் பந்தயத்தில் கடைசி வேக ஓட்டத்தில் முந்தித் தங்கம். சில நாட்களில் டைம் டிரையல். இரண்டாவதாக வந்த பிரிட்டன் வீராங்கனை மாரி ஹோல்டனைவிட அரை நிமிடத்துக்கும் மேல் முன்னால். மூன்றாம் தங்கம். அந்தப் பந்தயத்தில் வெண்கலம் வாங்கியவர் யார் தெரியுமா? 41 வயது ஜீனி லோங்கோ. எவரை வெல்வதற்காகத் தன் உடம்பையே கரைத்தாரோ, அவரை உடம்பை மீட்ட பிறகு இப்படி வென்றார்.

ஒரே ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி.

2001 ஆன்ட்வெர்ப், 2002 கோபன்ஹேகன் அருகே பாலெரப், 2003 ஸ்டுட்கார்ட் என வரிசையாக மூன்று பர்சூட் உலகப் பட்டங்கள். 1990இல் வாங்கிய அதே பட்டம், பதினோரு ஆண்டுகள் கழித்து மறுபடி. ஸ்டுட்கார்ட் என்ற ஊரை மேலே படித்தோமே, நினைவிருக்கிறதா? 1991இல் சாலைப் பட்டம் வாங்கிய ஊர். அதே ஊரில் 12 ஆண்டுகள் கழித்து ஓடுதளப் பட்டம்.

2003 அக்டோபர் 1, மெக்சிகோ நகரம். 'ஒரு மணி நேர சாதனை' என்று சைக்கிள் உலகில் ஒரு சோதனை உண்டு. எதிராளி கிடையாது. ஒரு மணி நேரத்தில் தனியாக எவ்வளவு தூரம் ஓட்ட முடியும், அவ்வளவுதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம் அது. காற்று அடர்த்தி குறைவு என்பதால் வேகம் கிடைக்கும். அதே காரணத்தால் மூச்சுக்குத் தவிப்பு. 1972இல் எடி மெர்க்ஸ் என்ற பெல்ஜியம் மேதை சாதனை செய்ததும் அங்கேதான். புதுமையான சைக்கிள்களால் சாதனை குளறுபடியாகிறது என்று 2000இல் விதியை மாற்றினார்கள். மெர்க்ஸ் ஓட்டியது போன்ற பழைய வகை சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும் என்றார்கள். அந்த விதியின்படி சாதனை லோங்கோ வசம்: 45.094 கிலோமீட்டர். லியோன்டீன் ஓட்டியது 46.065 கிலோமீட்டர். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கூடுதல். அந்தச் சாதனை 2015 வரை நிலைத்தது.

கடைசி அத்தியாயம் 2004 ஏதென்ஸ். சாலைப் பந்தயம் முடிய இரண்டு சுற்றுகூட இல்லாதபோது கீழே விழுந்தார். அடிபட்டுப் பந்தயத்தை விட்டு வெளியேறினார். சிட்னியில் வாங்கிய பட்டம் அந்த இடத்திலேயே போயிற்று. மூன்றே நாள். அடிபட்ட உடம்போடு டைம் டிரையலுக்கு வந்தார். இரண்டாவதாக வந்த அமெரிக்க வீராங்கனையை 24 விநாடி வித்தியாசத்தில் வென்றார். நான்காவது ஒலிம்பிக் தங்கம்.

பர்சூட்டில் வெண்கலம். அதில் நியூசிலாந்தின் சாரா உல்மர் 3 நிமிடம் 24.537 விநாடியில் ஓட்டித் தங்கம் வென்றார். சிட்னியில் லியோன்டீன் செய்த சாதனையைவிட ஆறு விநாடி வேகம். அடுத்த தலைமுறை வந்துவிட்டது. அந்த ஒலிம்பிக்கோடு லியோன்டீன் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த ஒரு காரியம்தான் பதக்கங்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சாப்பாட்டோடு மல்லுக்கட்டும் நோயில் சிக்கியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் வந்து பேசி, ஆறுதல் பெற ஓர் இல்லம் தொடங்கினார். 'லியோன்டீன் இல்லம்' என்றே அதற்குப் பெயர். வென்ற கதையை மட்டும் சொல்லிக்கொண்டு வசதியாக இருந்திருக்கலாம். விழுந்த கதையையும் சொல்லலாம் என்று துணிந்தார்.

இனி என் கதை. அவர் துணிந்ததால் எனக்கும் கொஞ்சம் துணிச்சல் வந்திருக்கிறது.

பள்ளியில் பிள்ளைகளின் உயரம், எடை பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். உங்களுக்கும் நினைவிருக்கும். எடை மெஷினை வகுப்பின் முன்னால் வைப்பேன். ஒவ்வொருவராக ஏறுவீர்கள். நான் உரக்கப் படிப்பேன், லீடர் எழுதுவான். ஒரு முறை ஒரு பெண் ஏறியபோது எண்ணைப் படித்துவிட்டு, "ரேஷன் அரிசி பூரா உங்க வீட்டுக்குத்தான் போகுதா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதனால் நான் மறந்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் சத்துணவுத் தட்டை வாங்கிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதைப் பார்த்தேன். நல்ல மனசு என்று வகுப்பில் பாராட்டியும் பேசினேன். சில மாதம் கழித்து காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தாள். அவளுடைய அம்மா வந்து அழுதபோதுதான் வீட்டிலும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தது. "டீச்சர் சொன்னாங்க" என்றாளாம். ஆஸ்லோவில் கைதட்டிய கூட்டத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர்களுக்காவது விவரம் தெரியாது. தொடங்கி வைத்தவளே நான்தான்.

'கொன்றை வேந்தன்' ஒப்பிக்க வைக்கும்போது, பெண்கள் குறைத்து உண்பதே அழகு என்று பொருள் வரும் ஓர் அடியையும் முப்பது ஆண்டுகளாக நிறுத்தாமல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஔவையாரைக் குறை சொல்லும் அளவுக்கு நான் பெரியவள் இல்லை. ஆனால் அந்த இடத்தில் நின்று இரண்டு வார்த்தை விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், படித்தாள், வேறு ஊருக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அன்றைய வழக்கத்தில் டீச்சர் மன்னிப்புக் கேட்பது என்பதே கிடையாது. உன் பெயரை இங்கே எழுத மாட்டேன், கண்ணு. இதைப் படித்தால் உனக்குத் தெரியும். தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டில், பண்டிகையில் பிள்ளைகளைப் பார்த்ததும் "குண்டாயிட்டியே", "இளைச்சிட்டியே, சூப்பரா இருக்கே" என்று தொடங்காதீர்கள். "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா" என்று கேளுங்கள். நம் வீட்டில் ஒரு பிள்ளை தட்டை ஒளித்தாலோ, சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போனாலோ திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அது நோய், குணமாகும். குணமான ஒருவர் நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருக்கிறார்.

விளையாட்டு வரலாறு கேட்ட தம்பி, இது நீ கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. பொறுத்துக்கொள்.

மணி ஒன்றாகிறது. எல்லோரும் போய்ச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்